பாக்குநீரிணையும் ஷெங்கன் விசாவும்: யாழ்ப்பாண மேளத்தின் இரு பயணங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேளகாரக் குடும்பங்களுக்குக் கடல் தாண்டுவது தொழிலோடு ஒட்டியே வந்த காரியம். இணுவில், அளவெட்டி, சாவகச்சேரி என்று எந்த ஊரை எடுத்தாலும், தாத்தாவோ பாட்டனாரோ தஞ்சைப் பக்கத்திலிருந்து திருவிழாவுக்கு வாசிக்க வந்து, இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கியவர் என்று சொல்லும் வீடு ஒன்றாவது இருக்கும். அதே வீட்டின் பேரன் இன்று ஆடி மாதத்தில் கட்டுநாயக்காவில் விமானம் ஏறி சூரிச்சிலோ லண்டனிலோ இறங்குகிறார். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல் காலத்துப் பயணம் ஒன்று. விசாவும் விமானமுமான இன்றைய பயணம் மற்றொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாம் வழக்கமாகச் சொல்லும் ‘அந்தக் காலம் பொற்காலம்’ கதை பாதிதான் சரியாக வருகிறது.

காசிலிருந்து தொடங்கலாம். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்கோ, ஒரு தெருவுக்கோ, ஒரு தொழில் செய்வோருக்கோ உரிய உபயம். நேற்றைய உபயகாரர் நாலு கூட்டம் மேளம் பிடித்தால் இன்றைய உபயகாரருக்கு ஆறு கூட்டம் பிடிக்காமல் நித்திரை வராது. உள்ளூர் மேளம் எல்லாரும் கேட்டதுதானே, இந்தியாவிலிருந்து ஒரு பெரிய வித்துவானை இறக்கினால்தான் ஊர் பேசும். இந்தப் போட்டிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியான யாழ்ப்பாணப் புகையிலையிலிருந்து வந்தது. மலாயாவில் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் உழைத்தவர்கள் அனுப்பிய காசிலிருந்தும், பிறகு அவர்களின் பென்சனிலிருந்தும் வந்தது. தஞ்சாவூர் மேளத்துக்கு அச்சாரம் கொடுத்த பணமே ஏற்கெனவே ஒரு கடலைத் தாண்டி வந்த பணம்.

ஐரோப்பாவிலும் இதே ஏற்பாடுதான். ஜெர்மனியின் ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலானாலும், லண்டன் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயிலானாலும், பாரிஸ் லா சப்பலில் தேர் இழுக்கும் மாணிக்க விநாயகர் ஆலயமானாலும், திருவிழா உபயங்களாகத்தான் பிரிக்கப்படுகிறது. புங்குடுதீவாருக்கு ஒரு நாள், கடைக்காரருக்கு ஒரு நாள் என்று பங்கு போகிறது. ஹாமில் அம்பாள் தீர்த்தமாடுவது பக்கத்திலுள்ள கப்பல் கால்வாயில். யாழ்ப்பாணத்துக் கீரிமலைத் தீர்த்தத்துக்குப் பதில் கால்வாய் என்பதை யாரும் பெரிய விடயமாக எடுப்பதில்லை. முதலில் அகதியாகப் போனது ஆட்கள். அவர்களோடு சாமி போனது. சாமியோடு உபயம் போனது, உபயத்துக்குப் பின்னால் மேளம் போகிறது. இந்த வரிசை நூறு வருடத்தில் மாறவில்லை.

மாறியது வாசல்.

பழைய வழியை ஒருக்கால் நினைத்துப் பார்ப்போம். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னை எழும்பூரில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலில் ஏறி, ஏறக்குறைய 22 மைல் கடலைத் தாண்டித் தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடிப்பார். யாழ்ப்பாணம் வரவேண்டியவர் மதவாச்சி வரை தெற்கே போய், அங்கே வண்டி மாறி வடக்கே திரும்ப வேண்டும். மேளக் கூட்டம் என்றால் இரண்டு நாயனம், இரண்டு தவில், சுருதிப்பெட்டி, தாளம், துணிமூட்டை, கூடவே ஒரு எடுபிடிப் பையன். கோண்டாவில், இணுவில், சுன்னாகம் நிலையங்களில் அவர்களை ஏற்றிக்கொண்டு போக மாட்டுவண்டி நிற்கும்.

கடவுச்சீட்டு, விசா என்ற பேச்சே அப்போது இல்லை. அதற்காக யாரும் கேள்வி கேட்கவில்லை என்றும் இல்லை. மலையகத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளரை மண்டபம் முகாமில் நாட்கணக்கில் நிறுத்தி வைத்துச் சோதித்துத்தான் விட்டார்கள். ஒரே கப்பல், ஒரே கடல். வித்துவானுக்கு ஒரு வரவேற்பு, கூலிக்கு ஒரு வரவேற்பு. சுதந்திரத்துக்குப் பிறகு, 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டம் அடுத்த ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோதுதான் பாக்குநீரிணை சட்டப்படி ஒரு நாட்டெல்லை ஆனது. ஆனாலும் கலைஞர்களின் போக்குவரத்து ஓயவில்லை. 1947 டிசம்பரிலேயே ஏர் சிலோன் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியிருந்தது. வசதியுள்ள உபயகாரர் வித்துவானை விமானத்தில் இறக்கிவிட்டு, அதையும் சேர்த்து நோட்டீசில் போடுவார்.

வந்தவர்களை ஊர் எப்படிக் கேட்டது என்பதில்தான் பழைய பயணத்தின் உயிர் இருக்கிறது. சாமி உள்வீதி சுற்றி வெளிவீதிக்கு வரும்போது இரவு பத்து மணி தாண்டியிருக்கும். ஒரு கூட்டம் மல்லாரி வாசித்து, ஒரு இராகத்தை எடுத்து வைத்துவிட்டு ஒதுங்கும். அடுத்த கூட்டம் அதே இராகத்தையே எடுத்தால் சண்டைக்கு வருகிறார் என்று அர்த்தம். பிறகு தவில் சமா. இரண்டு தவில்காரர் எதிரும் புதிருமாக நிற்பார்கள். வலக்கை விரல்களில் துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிக் காயவைத்த கூடுகள், இடக்கையில் பூவரசங்கழி. ஒருவர் கண்ட நடையில் ஒரு கோர்வையை முடித்து நிமிர்ந்தால், மற்றவர் அதை வாங்கி, பாதியில் திஸ்ரத்துக்குத் திருப்பிச் சமத்தில் கொண்டுவந்து போட வேண்டும். ஒரு அட்சரம் தப்பினால் வீதியில் குந்தியிருக்கும் கமக்காரனுக்கும் தெரியும். கையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்கிற கூட்டம் அது. 1939இல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கிய பிறகு கரையோரக் கிராமங்களில்கூட அந்த ஒலிபரப்பு கேட்டது. தஞ்சையில் இன்னார் எப்படி வாசிக்கிறார் என்று அறிந்த காதுகளுக்கு முன்னால்தான் தஞ்சைக்காரரே வாசிக்க வேண்டியிருந்தது.

இந்த மண்ணில் இருந்துதான் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி எதிர்த்திசையில் போனார். 1933இல் பிறந்தவர், தந்தை இணுவில் விசுவலிங்கம் பெயர் பெற்ற தவில் வித்துவான். தமிழ்நாட்டின் நாச்சியார்கோவில் இராகவப்பிள்ளையிடமும் பயிற்சி பெற்றார் என்பதால் அவருடைய வாசிப்பில் இரு கரையும் இருந்தது. லயஞான குபேர பூபதி என்பது அவருக்குக் கிடைத்த பட்டம். பட்டங்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, கோயிலுக்கு ஒன்று கொடுப்பார்கள். ஆனால் தமிழ்நாட்டின் முன்னணி நாகசுரக்காரர்கள் தங்களுக்குத் தவில் வாசிக்கக் கடல் கடந்து ஒருவரை அழைத்தார்கள் என்பது பட்டத்தைவிடக் கனமான சாட்சி. தவிலின் பிறப்பிடம் என்று தன்னைக் கருதும் காவிரிக்கரை, வெளியிலிருந்து வந்த ஒருவரின் கணக்கையும் வேகத்தையும் பார்த்துத் தன் பிள்ளைகளை அவரைப் போல வாசிக்கச் சொன்னது. 1975இல், 41 வயதில் மறைந்தார். நாற்பது வருடம் கழித்துத் தமிழ்நாட்டு இயக்குநர் அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருதைப் பெற்றது. படத்தை எடுத்தவர் யாழ்ப்பாணத்தவர் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

தட்சிணாமூர்த்தியின் காலத்திலேயே மறுபக்கமிருந்து வந்த ஒருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். வாய்ப்பாட்டு வித்துவான் மகாராஜபுரம் சந்தானம் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரியின் அதிபராக இருந்தார். அவர் வந்தது நியமனக் கடிதத்தோடு, சம்பளத்தோடு. பின்னர் சென்னைக்குத் திரும்பி 1989இல் சங்கீத கலாநிதி ஆனார். வாய்ப்பாட்டுக்கு நிறுவனம் கதவு திறந்தது. தவிலுக்குத் திறந்தது இன்னொரு வித்துவானின் வாய்ச்சொல். இரண்டு பேரும் தாண்டியது ஒரே நீரிணை என்றாலும், ஒருவருக்குக் கடுதாசி இருந்தது, மற்றவருக்குக் கை இருந்தது. இன்றைய பயணத்தை விளங்கிக்கொள்ள இந்த வேறுபாடு உதவும்.

இடைப்பட்ட கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1964 டிசம்பர் சூறாவளி தனுஷ்கோடியைத் தின்றது. கப்பல் இராமேசுவரத்திலிருந்து தட்டுத்தடுமாறி ஓடி, எண்பதுகளின் நடுவில் போரோடு நின்றது. ஊரடங்கு வந்தபின் விடிய விடிய மேளம் ஏது? 1990இல் வலிகாமம் வடக்கு உயர் பாதுகாப்பு வலயமானபோது மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலே பூட்டப்பட்டது. 1995 இடப்பெயர்வில் தவிலைத் தலையில் வைத்துக்கொண்டு செம்மணி வெளியைக் கடந்தவர்களில் சிலர் பிறகு கடலையும் கடந்தார்கள்.

இனி இன்றைய பயணம். ஐரோப்பியக் கோயில்கள் வெயில் காலத்தில்தான் தேர் இழுக்க முடியும். ஹாம் தேர் வைகாசி, ஆனியில். ஈலிங் தேரும் பாரிஸ் தேரும் ஆவணியை ஒட்டி. யாழ்ப்பாணத்தில் மாவிட்டபுரம் ஆடி அமாவாசையில் தீர்த்தமாடி முடிய, நல்லூரில் கொடி ஏறி 25 நாள் நடக்கும், பிறகு சந்நிதி, பிறகு வல்லிபுரம். ஆக இரண்டு பருவமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. லண்டன் போகிற வித்துவான் நல்லூரை விடுகிறார். முந்தி இந்தியாவிலிருந்து வந்தவர்கள் யாழ்ப்பாணத்துத் திருவிழாவைப் பெருக்கினார்கள். இப்போது இங்கிருந்து போகிறவர்கள் இங்கத்தைய திருவிழாவில் ஒரு ஓட்டை விட்டுப் போகிறார்கள். அந்த ஓட்டையை இருபது வயதுப் பொடியன்கள் அடைக்கிறார்கள் என்பது ஒரு நன்மை. மூத்தவர் பக்கத்தில் நின்று திருத்துவதற்கு இல்லை என்பது அதன் மறுபக்கம்.

போவதற்கான கடுதாசிகளைப் பாருங்கள். கோயில் நிர்வாகத்தின் அழைப்புக் கடிதம், கோயிலின் பதிவுப் பத்திரம், தங்குமிடத்துக்கும் செலவுக்கும் பொறுப்பு நிற்பவரின் வருமான விபரம். இந்தப் பக்கத்தில் கிராம சேவகர் கடிதம், அதில் பிரதேச செயலரின் மேலொப்பம், காணி உறுதி, கலியாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வங்கிக் கணக்கின் ஆறு மாத நடமாட்டம். கடைசியில் சொன்னதில்தான் மேளகாரர் தடுக்கி விழுகிறார். உபயகாரர் கொடுப்பது கைக்காசு. தட்டில் வெற்றிலை பாக்கோடு வருகிற சம்பளத்துக்கு வங்கியில் தடயம் கிடையாது. தவில் வாசித்து வீடு கட்டியவரும் விண்ணப்பத்தில் வருமானமில்லாதவர் போலத் தெரிவார். தொழிலுக்குச் சான்று கேட்டால் அரசு கொடுக்கும் கலாபூஷணம் விருதைக் காட்டலாம். அது முதியவர்களுக்குக் கொடுப்பது. விரலில் வலுவுள்ள முப்பது வயதுக்காரரிடம் திருவிழா நோட்டீசும் யூடியூப் காணொளியும்தான் இருக்கும்.

நாட்டுக்கு நாடு கேள்வியும் வேறு. பிரிட்டனில் வருகையாளர் விசாவிலேயே முன்கூட்டி ஒழுங்கு செய்த, சம்பளத்துடனான நிகழ்ச்சியை 30 நாளுக்குள் முடித்துவிட்டு வரலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் அங்குள்ள நிறுவனம் பொறுப்பேற்கும் வேறு வகை விசா. கனடாவில் குறுகிய காலம் வாசிக்க வரும் வெளிநாட்டுக் கலைஞருக்கு நிபந்தனைகளோடு வேலை அனுமதி தேவைப்படாது, ஆனால் இலங்கையர் என்பதால் நுழைவு விசா கட்டாயம். அமெரிக்காவில் பி-3 என்று ஒரு வகை. பண்பாட்டுத் தனித்தன்மை கொண்ட கலை என்று அறிந்தோர் எழுதிக் கொடுக்க வேண்டும். நாயனத்தை ஒருநாளும் கேட்டிராத அதிகாரி ஒருவர், நாயனம் தனித்தன்மை கொண்டதென்று இன்னொருவர் எழுதியதைப் படித்துத் தீர்மானிக்கிறார்.

இதில் எனக்குச் சுவையாகப்படும் சிக்கல் ஒன்று உண்டு. மேளகாரர் வழிபாட்டுப் பணியாளரா, கலைஞரா? குருக்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டத்தில்தான் புள்ளடி போட முடியும். படிவத்தைக் குறை சொல்ல நமக்கு என்ன அருகதை? இதே கேள்வியை யாழ்ப்பாணம் காலங்காலமாகத் தனக்குள் மழுப்பி வைத்திருக்கிறது. காலைப் பூசைக்கு அவர் கோயிலின் ஊழியர். மேலே துணியில்லாமல், சால்வையை இடுப்பில் கட்டி, ஒதுக்கிய இடத்தில் நிற்க வேண்டும். அதே ஆள் இரவு சமாவில் வித்துவான், பொன்னாடை, தங்கச் சங்கிலி. விடிந்தால் உபயகாரர் வீட்டில் அவருக்குச் சாப்பாடு எந்த இடத்தில் போடுவது என்பதில் பழையபடி சாதி வந்து குந்திக்கொள்ளும். நாகசுர வித்துவான் திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை மேடையில் உட்கார்ந்து வாசிப்பதற்காகவும் சட்டை போடுவதற்காகவும் பிடிவாதம் பிடிக்க வேண்டியிருந்த உலகம் அது. பழைய பயணத்தைப் பொற்காலம் என்பவர்கள் இந்த இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுவார்கள். சூரிச்சில் மேளகாரர் உபயகாரரோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிடுகிறார். சம்பளம் எவ்வளவு, எத்தனை நாள் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறது. எழுத்தில் இருப்பதால் திருவிழா முடிந்தபின் ‘பிறகு பார்க்கலாம்’ என்று இழுத்தடிப்பது குறைவு. இந்தக் கணக்கில் விசா வென்றது, கப்பல் தோற்றது.

வாத்தியங்களுக்கும் தனிக் கதை இருக்கிறது. ஆச்சாமரத்தில் கடைந்த நரசிங்கம்பேட்டை நாயனம் விமானத்தின் கைப்பொதி அளவுக்குள் அடங்காது. அடியிலுள்ள அனசைக் கழற்றினாலும் உலவு என்னும் குழல் நீளம். தவில் பொதியறைக்குத்தான் போகும். தோல்வார் பூட்டிய பழைய தவில் போய், இரும்பு வளையமும் நட்டுபோல்ட்டும் வந்தது பயணக்காரருக்கு வாய்ப்பாயிற்று. கழற்றிக் கட்டலாம், போய் இறங்கியபின் முறுக்கிச் சுருதி சேர்க்கலாம். அங்கத்தைய வறண்ட காற்றில் தோல் இறுகிச் சத்தம் மேலே போகும். சீவாளி வாயில் ஊறுவதற்குள் காய்ந்து வெடிக்கும். பழைய நாயனங்களில் சீவாளிச் சரத்தோடு தொங்கும் யானைத்தந்த வட்டு இருந்தால் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவதுதான் புத்தி. தந்தம் எல்லை தாண்டுவதற்கு அருகிவரும் உயிரினங்கள் பற்றிய உலக உடன்படிக்கை குறுக்கே நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் இறங்கினால் தோல் வாத்தியம் கொண்டு வருகிறேன் என்று சொல்லியே ஆக வேண்டும்.

இவ்வளவையும் தாண்டிப் போய் அங்கே வாசிப்பது யாருக்கு? இந்தக் கேள்வியில்தான் இரண்டு பயணமும் முற்றாகப் பிரிகின்றன. விசாவுக்கும் பயணச்சீட்டுக்கும் ஆகிற செலவில் ஒரு கோயில் நாலு பேரைத்தான் அழைக்கும். இரண்டு நாயனம், இரண்டு தவில். காலைப் பூசையும் அவர்கள், கொடியேற்றமும் அவர்கள், தேரும் அவர்கள், பூங்காவனமும் அவர்கள். எதிரே இன்னொரு கூட்டம் கிடையாது. இராகத்தைப் பறித்துக்கொண்டு போக ஆளில்லை, கோர்வையைத் திருப்பி எறிய ஆளில்லை. இரவு குறித்த நேரத்துக்குப் பிறகு வெளிவீதியில் சத்தம் போட்டால் அயலவர் பொலிசுக்குச் சொல்லுவார். கேட்பவர்கள் அன்புள்ளவர்கள், ஊரை நினைத்துக் கண் கலங்குபவர்கள். நாயனத்தில் சினிமாப் பாட்டுக் கேட்டால் கைபேசியைத் தூக்கிப் பிடிப்பார்கள். தாளம் போட்டுக்கொண்டு தப்புக்குக் காத்திருக்கும் கமக்காரன் அங்கே குறைவு. மேளத்தை வளர்த்தது அன்பைவிட அந்தக் காத்திருப்புத்தான் என்று நினைக்கிறேன்.

தட்சிணாமூர்த்தி எல்லை தாண்டியபோது ஒரு கலையின் தலைநகருக்குள் போனார், தன்னைவிடக் கூடுதலாகத் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களின் முன் வாசித்தார். இன்றைய வித்துவான் தன் ஊராரைத் தேடிப் போகிறார். தெரிந்ததை வாசித்தால் போதும். அவருடைய திறமை குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை. சிலருடைய கை பழைய பெரியவர்களை நினைக்க வைக்கும். ஆனால் மூன்று மாதப் பயணம் முடிந்து திரும்பும்போது பழைய ஆள் புதுக் கோர்வை ஒன்றோடு வந்தார், இவர் வீட்டுக்கு மேல்மாடி போடும் பணத்தோடு வருகிறார். வீடும் வேண்டும்தான். தலைமுறை தலைமுறையாகக் கோயிலடியில் குடியிருந்த குடும்பம் சொந்தக் காணியில் மாடி வைப்பதைப் பழிப்பவர், வேறு எங்கோ வசதியாக இருந்துகொண்டு கலையைப் பற்றிப் பேசுபவராகத்தான் இருப்பார்.

ஐரோப்பாவிலேயே இருந்துவிட்ட மேளகாரர்களையும் மறக்கக்கூடாது. கிழமை நாட்களில் உணவகத்திலோ தொழிற்சாலையிலோ வேலை, சனி ஞாயிறில் கலியாணமும் கோயிலும். ஊரிலிருந்து அழைக்கப்பட்டவர் வந்து இறங்கினால் இவர்களுக்கு வருமானம் குறையும். எழுபது வருடத்துக்கு முன் இந்திய மேளம் வந்து இறங்கியபோது இணுவில்காரருக்கு வந்த அதே புழுக்கம். ஆனால் அப்போது அந்தப் புழுக்கத்தை வீதியில் தவிலால் தீர்த்துக்கொள்ளலாம்.

பாக்குநீரிணை இப்போது மறுபடி திறந்திருக்கிறது. பலாலியிலிருந்து சென்னைக்கு 2019 நவம்பரில் விமானம் பறந்து, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் ஓடி, நின்று, அடுத்த ஆகஸ்டில் மறுபடி வந்தது. தமிழ்நாட்டு வித்துவான்கள் யாழ்ப்பாணத்துத் திருவிழாக்களுக்குத் திரும்பவும் வருகிறார்கள். இலங்கையின் இணையவழிப் பயண அனுமதியில் இசை, நடன நிகழ்ச்சிகளில் பங்கெடுப்பது வணிக வகைக்குள் வெளிப்படையாகவே இருக்கிறது. சுற்றுலா வகையில் வந்து வாசித்துவிட்டுப் போவதற்கு அவசியமே இல்லை. உபயகாரர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தால் வித்துவானை விமான நிலையத்தில் சங்கடப்படுத்தாமல் கூட்டி வரலாம்.

நாகபட்டினத்தில் இறங்கினால் திருவாரூர் எட்டிப்பிடிக்கும் தூரம். நரசிங்கம்பேட்டையும் திருவாவடுதுறையும் அதற்கு மேலே சில மணி நேரப் பேருந்துப் பயணம். நாயனம் திருத்தவும் சீவாளி வாங்கவும் இங்கிருந்து போகிறவர்கள், ஒரு திருவிழா இரவு அங்கே நின்று வாசித்துவிட்டு வர வேண்டும். அதற்கு அங்கத்தைய கோயில் ஒன்று எழுத்தில் அழைக்க வேண்டும், இந்தியத் தூதரகம் யாழ்ப்பாணத்திலேயே வைத்திருக்கும் அலுவலகத்தில் அந்தக் கடிதத்தைக் கொடுக்க வேண்டும். ஐரோப்பாவுக்கு அத்தனை கடுதாசி கட்டப் பழகிய குடும்பங்களுக்கு இது பெரிய வேலையில்லை. காசு குறைவு என்பதால்தான் யாரும் மினக்கெடவில்லை. புலம்பெயர்ந்த உபயகாரர்களில் யாராவது ஒருவர், ஹாமுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை இரண்டு பொடியன்களைக் கும்பகோணத்துப் பக்கம் ஒரு பருவம் அனுப்பி வைக்கக் கொடுத்தால், அதுவும் உபயக் கணக்கில்தான் சேரும்.